அசுணத்தின் காது

அவர் இறந்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'பழகுவதற்கு இனியவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். அச்சகத்தில் அந்த வரி எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். எங்கள் சாரம் தெருக்காரர்கள் துக்கத்தையும் மீறிச் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அதைக் கிழித்து, ஒட்டியவன் கையிலேயே கொடுத்து, பசையும் சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

தெருவில் அவருக்குப் பெயர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். தெருவுக்கு இரண்டு மூன்று சொல்தாக்கள் இருப்பார்கள். மற்றவர்கள் சாயங்காலமானால் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள், பட்டாளத்துக் கதை சொல்வார்கள். இவர் கதையை எழுதிவிட்டார். ஒரே ஒரு நாவல். அதுவும் பட்டாளத்தைப் பற்றியது அல்ல, அசுணத்தைப் பற்றியது.

நம் பழைய பாட்டுகளில் வருகிற விலங்கு அசுணம். இசை என்றால் அதற்கு உயிர். வேடர்கள் மலையில் உட்கார்ந்து யாழ் வாசிப்பார்கள். அது மயங்கி, மறைவிடத்தை விட்டு வெளியே வரும். வந்ததும் பறையை அறைவார்கள். அந்த ஓசை தாங்காமல் விழுந்து செத்துப்போகும். இவருடைய நாவலில் அண்ணன் யாழ் வாசிக்கிறான், தம்பி பறை அடிக்கிறான், உலகத்தின் கடைசி அசுணம் சாகிறது. அதோடு முடிந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். சாகும்போது அசுணம் தன் காதை யாழ் வாசித்தவனின் வம்சத்துக்கு விட்டுவிட்டுப் போகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இனிய ஓசை கேட்டாலே நடுக்கம். தாய் தாலாட்டுப் பாடினால் வீறிட்டு அழுகிறது. காதலி கொஞ்சினால் காட்டுக்குள் ஓடுகிறான். தலைமுறை தலைமுறையாக அந்தக் காதை யார் யார் சுமந்தார்கள் என்பதுதான் மீதி நாவல். என் வயதுக்காரர்களில் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்குச் சண்டை போடாதவர்கள் குறைவு. அட்டை கிழிந்து, பைண்டு செய்து, மறுபடி கிழிந்து, எங்கள் பிள்ளைகளும் படித்தார்கள்.

எழுதியவரை நேரில் பார்த்ததும் பலருக்குப் புத்தகத்தின் மீதிருந்த ஆசையே போய்விடும்.

நான் பார்த்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். பிறப்பு, இறப்பு, வாரிசு, குடியுரிமை என்று மனிதன் காகிதமாக மாறுகிற எல்லாக் கட்டங்களும் எனக்கு அத்துப்படி. ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றி, பலகைகளில் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சமயம். வாசகர் வட்டம் என்ற பெயரில் வேலையற்றவர்கள் சிலர் கூடி, அவருக்குப் பாராட்டு விழா நடத்தத் தீர்மானித்தோம். அழைக்கப் போனது நான்.

"எதுக்கு?" என்றார், கதவைப் பாதி திறந்து.

"உங்களைப் பாராட்டணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க அண்ணே."

"அப்புறம் என்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"ஒண்ணும் கேக்காதவன் எதுக்குய்யா பாராட்டணும்?"

வந்தார். மேடையில் மூன்று பேர் அவரை இமயமலை, வற்றாத ஊற்று, கலங்கரை விளக்கம் என்று வரிசையாக ஆக்கினார்கள். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்த்தது. ஏற்புரைக்கு எழுந்தவர் ஒலிபெருக்கியில் சொன்னது இவ்வளவுதான்: "யாழ் வாசிச்சதெல்லாம் போதும். யாராச்சும் ஒருத்தரு பறையை அடிச்சீங்கன்னா வூட்டுக்குப் போவேன்."

அரங்கம் நகைச்சுவை என்று கை தட்டியது. கீழே இறங்கியவரை ஒரு கல்லூரிப் பெண் பிடித்துக்கொண்டாள். அந்த நாவலைப் படித்த எல்லாரும் கேட்கிற கேள்விதான். "ஐயா, அசுணத்தைக் கொன்னது பறைதானே? சாபம் மட்டும் ஏன் யாழ் வாசிச்சவனுக்கு?"

"டீ ஆறுது, குடிம்மா" என்றார் அவர்.

அவருக்கு நல்ல வார்த்தை சொல்லவும் வராது, கேட்கவும் முடியாது. அதுதான் அவர். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டால், தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "மூக்கைத் துடைச்சு வுடு" என்பார். மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கி, "ஏன் சொல்தா, நேத்து மீனு நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துபூடுமா?" என்று வம்புக்கு இழுப்பாள். "சொன்னா நாளைக்கு அழுகினதைக் கட்டுவே" என்பார். அவள் திட்டிக்கொண்டே நல்ல மீனாகப் பொறுக்கிப் போடுவாள். அந்தத் தெருவிலேயே நல்ல மீன் கிடைத்த வீடு அதுதான் என்பதை நான் அலுவல்பூர்வமாகவே உறுதி செய்ய முடியும். பல ஞாயிறுகளில் அங்கே சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, முகத்தில் களை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் வந்தார். கட்டில் அருகே நின்று உற்றுப் பார்த்தார். "பொணம் மாதிரி இருக்கே, சூப்ரெண்டு" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், நான் வீடு திரும்பும்வரை எழுந்து போகவில்லை. மூத்திரப் பையை மாற்ற ஆள் வரத் தாமதமானால் தானே மாற்றினார், அதற்கும் ஒரு வசவோடு. அவரைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும் முதலில் இதைச் சொல்வேன். மற்றதைச் சொன்னதில்லை. அதைத்தான் இப்போது எழுதவேண்டியிருக்கிறது.

அவருக்கு மனைவி மக்கள் இல்லை. தம்பி பஞ்சாலையில் வேலை பார்த்து, நெஞ்சில் பஞ்சு அடைத்து, இருமியே செத்துப்போனவர். தம்பியின் மகள் உப்பளம் பகுதியில் இருந்தாள். துணிக்கடையில் பில் போடுகிற வேலை. கணவர் இல்லை, ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடுக்குப் பாத்திரத்தில் குழம்பும் பொரியலும் எடுத்துக்கொண்டு மகளோடு வருவாள். மீன் வறுப்பது மட்டும் இவர் வேலை. அவள், "பெரியப்பா, கொழம்பு எப்படி?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "உப்பு" என்பார் அவர். சரியாக இருந்தாலும் உப்புதான். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவர்கள் வருகிற நாளில் மட்டும் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டிருப்பார்.

ஒருநாள் தம்பி மகள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், பெரியப்பாகிட்ட கேட்டா திட்டுவாரு. அதான் உங்ககிட்ட வந்தேன். எங்களுக்கு பிரெஞ்சுக் காயிதம் கெடைக்குமா? பெரியப்பாவுக்கு இருக்கே. எங்கப்பா அவருக்குக் கூடப் பொறந்த தம்பிதானே? எங்க கடையில ஒரு பொண்ணு வூட்டுக்கு இப்படித்தான் கெடைச்சுதாம். கெடைச்சா எம் பொண்ணை அங்கியே படிக்க வெச்சிடுவேன்."

விஷயம் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்தபோது, இங்கே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் இந்தியர். வெளிநாட்டில் பட்டாளத்தில் இருந்த சொல்தாவுக்குக் கையெழுத்தே தேவைப்படவில்லை. உள்ளூரில் இருந்த தம்பிக்குத் தேவை. அவர் அப்போதே வயது வந்தவர், போடவில்லை. ஆகவே அவருடைய மகளுக்குக் கிடையாது, பேத்திக்கும் கிடையாது. அண்ணனிடமிருந்து தம்பிக்குக் குடியுரிமை இறங்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பார்க்கலாம்மா" என்றேன். "ஏதாவது வழி இல்லாமலா போயிடும்?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை வேறு. அது பணிக்காலப் பழக்கம். முடியாது என்றால் மனு மேலே போகும். பார்க்கலாம் என்றால் மனுதாரர் வீட்டுக்குப் போவார். அவளும் போனாள், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு. அடுத்தடுத்து வந்தாள். தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று, அப்பாவின் பள்ளிச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, "பத்திரமா வெச்சுக்கோ" என்றேன். அவளுக்கு டீ போடச் சொன்னேன். எனக்கு அந்த வருகைகள் பிடித்திருந்தன. ஓய்வு பெற்றவனிடம் யார் சார் காகிதத்தைக் காட்டுகிறார்கள்?

அவள் மகளுக்குக் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

அது தெரிந்தது ஒரு ஞாயிறு, சொல்தாவின் சாப்பாட்டு மேசையில். அவர் பேத்தியிடம், "எப்ப காலேஜு?" என்றார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "நாளைக்குத்தான் சேர கடைசி நாள் தாத்தா. அம்மா வேணாங்கறாங்க."

"வேணான்னு சொல்லலை" என்றாள் அம்மா. "இங்க சேந்துட்டா சர்ட்டிபிகேட்டெல்லாம் உள்ள மாட்டிக்கும். காயிதம் வந்ததும் பாரீசுக்கு எழுதிப் போட்டுக்கலாம்னு..."

"எந்தக் காயிதம்?"

"பிரெஞ்சுக் காயிதம் பெரியப்பா. சார் பார்க்கலாம்னு சொல்லியிருக்காரு."

அவர் என் பக்கம் திரும்பினார். கையில் மீன் முள் இருந்தது. "கெடைக்குமா, சூப்ரெண்டு?"

"அதுல சில விதிவிலக்கு..."

"கெடைக்குமா, கெடைக்காதாய்யா?"

"கொஞ்சம் கஷ்டம்தான் அண்ணே."

அவர் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தம்பி மகளைப் பார்த்து, "கெடைக்காது" என்றார். "உங்கப்பன் கையெழுத்துப் போடலை. அவனுக்கும் கெடையாது, உனக்கும் கெடையாது, இவளுக்கும் கெடையாது. காலையில மொத பஸ்ஸுல இவளைக் காலாப்பட்டுக்குக் கூட்டிக்கினு போ."

"சார் இவ்வளவு சொல்றாரே, நீங்க ஏன் பெரியப்பா..."

"அவரு நல்லவரு. நல்லாத்தான் பேசுவாரு. நீ போய்ச் சேத்துடு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "எங்கப்பா போடலைன்னா அதுக்குக் காரணம் இருக்கு. நம்ம நாடுன்னு ஒரு பாசத்துலதான் போடலைன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்காரு! அந்தப் பாசத்துக்கு இன்னிக்காவது ஒரு வழி பொறக்காதான்னுதான் நானும் அலையறேன்."

சொல்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கையெழுத்து இல்லை என்பதே போதுமான பதில்தான். ஆனால் அவள் நம்பிக்கை அந்தப் பாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்தால்தான் காலாப்பட்டு பஸ்ஸில் ஏறுவாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "நான்தான் போட வுடலை."

அவரே தொடர்ந்தார், பட்டாளத்தில் அறிக்கை கொடுப்பதைப் போல.

"லீவுல வந்திருந்தேன். அப்பா படுக்கையில. இவனும் கையெழுத்துப் போட்டுட்டுப் பட்டாளத்துக்கு வந்துட்டா வூட்டைப் பாக்க ஆளில்ல. நான் வந்து ஒக்கார முடியுமா? எனக்கு இஷ்டமில்ல. பாரீசுலேருந்து ஒரு டிரான்சிஸ்டர் கொண்டாந்து குடுத்தேன். ராஜா மாதிரி இருடா, என்ன அவசரம், கையெழுத்து எப்ப வேணா போட்டுக்கலாம், நானே உன்னைக் கூட்டிக்கினு போறேன்னேன். கட்டிப் புடிச்சிக்கினுதான் சொன்னேன். அவன் ரேடியோவைக் காதுல வெச்சிக்கினு சிரிச்சான். தேதி முடிஞ்சப்புறம் போயிருக்கான். ஆபீசுல முடியாதுன்னுட்டாங்க. முடியாதுன்னு சொன்னது அவங்க வேலை. நல்லாப் பேசி வூட்டுல ஒக்கார வெச்சது நான்."

"எப்ப வேணா போட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா பெரியப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, கெஞ்சுகிற குரலில், "அந்த வயசுல புரியலைன்னாவது சொல்லுங்க. ஏதாவது ஒரு சாக்காவது சொல்லுங்களேன்" என்றாள்.

"சொன்னா நம்பிடுவே" என்றார் அவர்.

அவள் எழுந்தாள். அடுக்குப் பாத்திரத்தைக் கழுவாமல், மிச்சக் குழம்போடு மூடினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது பேத்தி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் மீனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

"அண்ணே, அப்போ நாவல்ல அந்த யாழ்..." என்று ஆரம்பித்தேன். இலக்கிய ரசனைக்கு நேரம் காலம் கிடையாது.

"கதை கதைதான்யா. சோத்தைத் தின்னு" என்றார். இன்னொரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, "எந்தம்பி அதைப் படிச்சான். படிச்சிட்டு, ஏன் அண்ணே, அந்த அசுணத்துக்கு ஓடறதுக்கு வேற காடே இல்லியான்னு கேட்டான். அவ்ளோதான் கேட்டான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவரே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "சேந்துட்டாளா, விசாரி" என்றார். துணிக்கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். சேர்ந்துவிட்டாள், விடுதியும் கிடைத்துவிட்டது. சொன்னேன். "சரி" என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலையில் தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் இனிப்புப் பெட்டி. மகள் என் காலில் விழுந்தாள்.

"எங்க குடும்பத்துல இவ்வளவு நடந்திருக்கு சார். ஆனா எங்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசினது நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அம்மா. "எவ்வளவு பொறுமையா எல்லாக் காயிதத்தையும் பாத்தீங்க! அவரு மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன். நாங்க வந்ததைக்கூட அவருக்குச் சொல்லிடாதீங்க."

நான் திருத்தியிருக்க வேண்டும். அம்மா, உன் மகளின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தவன் நான், காப்பாற்றியவர் அவர் என்று சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை.

அவர்கள் போன பிறகு அந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை. எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அன்று மத்தியானம். மின்விசிறிக்குக் கீழே பனியனோடு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"யாரு குடுத்தது?"

"உங்க தம்பி பொண்ணு வந்திருந்தா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கும் குடுக்கச் சொன்னா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வசவுக்குத் தயாரானேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் கையை நீட்டினார். மைசூர்பாகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், அதையே பார்த்தார்.

"வரேன்னாளா?"

"வராம எங்க போயிடுவா? பார்க்கலாம்."

"நாளைக்கா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று சொல்ல முடியாத ஆட்டல். அலுவலகத்தில் அதில் நான் தேர்ந்தவன்.

ஞாயிறு மத்தியானம் போனபோது வறுவல் வாசனை தெருவரை வந்தது. சட்டைக்குப் பெட்டி போட்டிருந்தார். முகச்சவரம் செய்திருந்தார். மேசையில் நான்கு தட்டுகள். பெரிய வஞ்சிரத் துண்டங்களாக இரண்டு தட்டில் ஏற்கெனவே வைத்து, ஈ மொய்க்காமல் மூடியிருந்தார். நான் உட்கார்ந்தேன். வாசலில் ஏதாவது ஆட்டோ நின்றால் அவர் கழுத்தை நீட்டுவார். அது போய்விடும்.

"மணி ரெண்டாயிட்டுதே" என்றார்.

இவ்வளவு மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வரமாட்டாள் என்ற ஒரே ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அவர் அளவுக்குத் துணிச்சல் தேவையில்லை, கொஞ்சம் மரியாதை இருந்தால் போதும்.

"பொண்ணை ஹாஸ்டல்லேருந்து கூட்டிக்கிட்டு வரணும் இல்லையா" என்றேன். "ஞாயித்துக்கிழமை காலாப்பட்டு பஸ்ஸு குறைச்சல்."

"ஆமாமா, குறைச்சல்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் அந்த மூடிகளைச் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.